‘மரியாதைக்குச் சொன்னோம்’: கார் விற்றவர் ஒப்புக்கொண்ட ரிப்பேருக்கு யார் பொறுப்பு?

போன வருடம் கோயம்புத்தூரில் என் மச்சான் ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கினார். 2016 மாடல், இரண்டாவது ஓனர், விலை 4,15,000 ரூபாய். ஓட்டிப் பார்த்தபோதே இரண்டு குறைகள் தெரிந்துவிட்டன. மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறது, வண்டி அந்த அளவுக்கு நகரவில்லை. கிளட்ச் தேய்ந்துபோயிருந்தது. ஏ.சி. போட்டால் முதல் பத்து நிமிடம் சில்லென்று வருகிறது, அப்புறம் வெறும் காற்று.

மச்சான் 20,000 ரூபாய் குறைக்கச் சொன்னார். ஆட்டோ கன்சல்டிங், அதாவது பழைய வண்டி விற்றுக்கொடுக்கும் கடையின் உரிமையாளர் அசையவில்லை. “விலையில கை வைக்காதீங்க சார். கிளட்ச், ஏ.சி. ரெண்டையும் நாங்களே பாத்துக் குடுத்துர்றோமுங்க. வண்டிய இப்ப எடுத்துட்டுப் போங்க, அடுத்த வாரம் கொண்டு வாங்க” என்றார். சரி என்று முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்தார் மச்சான்.

அடுத்த வாரம் மெக்கானிக் ஊருக்குப் போயிருந்தார். அதற்கடுத்த வாரம் பார்ட்ஸ் வரவில்லை. அப்புறம் ஷெட்டில் இடமில்லை. ஆறாவது வாரம் நேரில் போய் நின்றபோது பேச்சே மாறிவிட்டது. “பழைய வண்டின்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் சார். ஏதோ ஒரு மரியாதைக்குச் சொன்னோம்.”

மச்சானை அதிகம் உறுத்தியது அந்த ‘மரியாதைக்கு’ என்ற சொல்தான். என்னையும்தான். ஏனென்றால் அது உண்மையில்லை. 20,000 ரூபாய் தள்ளுபடி கேட்டவருக்கு, தள்ளுபடிக்குப் பதிலாகக் கொடுத்த வாக்கு அது. கணக்குப் போட்டால் 3,95,000 ரூபாய் காருக்கு, மீதி 20,000 ரூபாய் கிளட்சுக்கும் ஏ.சி.க்கும். பணம் மொத்தமும் போய்ச் சேர்ந்துவிட்டது, சரக்கில் ஒரு பகுதி மட்டும் வந்து சேரவில்லை. விற்றவர் சலுகை எதுவும் தரவில்லை. ஏற்கெனவே விற்ற ஒன்றைத்தான் அவர் இன்னும் தராமல் வைத்திருக்கிறார். இந்த ஒரு விஷயம் மனதில் தெளிவாக இருந்தால், மற்ற சட்டமெல்லாம் தன்னால் புரியும்.

சட்டம் அந்த வாக்கை எப்படிப் பார்க்கிறது

கார் விற்பனைக்கும் பொருந்துவது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம்தான். அதன் 12-வது பிரிவு, விற்பவர் சொல்லும் உறுதிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. விற்பனைக்கே ஆணிவேராக இருக்கும் உறுதி ஒரு வகை. அது பொய்த்தால் வாங்கியவர் ஒப்பந்தத்தையே முறிக்கலாம். விற்பனையை ஒட்டிய துணை உறுதி இன்னொரு வகை. அதைத்தான் நாம் ‘வாரண்டி’ என்கிறோம். அது பொய்த்தால் காரைத் திருப்பிக் கொடுக்க முடியாது, ஆனால் நஷ்ட ஈடு கேட்கலாம். கிளட்ச் மாற்றித் தருகிறேன் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் வரும். தவிர, ஒருமுறை வண்டியை ஏற்று வாங்கிக்கொண்டால் முதல் வகை உறுதியும் பொதுவாக இரண்டாவது வகையாகவே நடத்தப்படும் என்கிறது 13-வது பிரிவு.

அதனால்தான் ‘கிளட்ச் மாற்றவில்லை, என் நாலு லட்சத்தையும் திருப்பிக் கொடு’ என்று போய் நிற்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். ‘கிளட்ச் மாற்ற ஆன செலவைக் கொடு, அதற்காக நான் அலைந்ததற்கும் கொடு’ என்று கேட்பவரின் நிலை பலமானது. இன்ஜினையே பிரித்துக் கட்டித் தருவதாகச் சொல்லி, அதை நம்பியே ஒருவர் வாங்கியிருந்தால் கதை வேறு. அங்கே ஆணிவேரே போய்விடுகிறது.

‘வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும்’ என்ற பழைய கொள்கை நம் சட்டத்திலும் உண்டு. 16-வது பிரிவு அதைச் சொல்லிவிட்டு, சில விதிவிலக்குகளையும் தருகிறது. வண்டியை நீங்கள் பார்த்து, ஓட்டிப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையிலேயே தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பற்றிப் பிறகு புகார் சொல்ல முடியாது. டீலர்கள் பிடித்துத் தொங்குவது இந்த வரியைத்தான்: “நீங்கதானே ஓட்டிப் பாத்தீங்க?” ஆனால் இந்த வரி பேசுவது யாரும் வாய் திறக்காத குறைகளைப் பற்றி. இங்கே குறையைப் பார்த்து, சொல்லி, அதைச் சரிசெய்து தருவதாக வாக்கும் வாங்கியாகிவிட்டது. ஓட்டிப் பார்த்ததால்தான் அந்த வாக்கே பிறந்தது. மச்சான் ஓட்டிப் பார்த்தது அவருக்குப் பலமே தவிர பலவீனம் இல்லை.

அடுத்து, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தப்படி செய்வதாக ஏற்ற வேலையைச் செய்யாமல் விடுவதை இந்தச் சட்டம் ‘சேவைக் குறைபாடு’ என்கிறது. அதோடு, நியாயமற்ற வணிக நடைமுறை எவை என்று 2(47) பிரிவில் நீளமாக அடுக்குகிறது. பொருளை மாற்றித் தருவதாகவோ பராமரித்துத் தருவதாகவோ ரிப்பேர் செய்து தருவதாகவோ மக்களிடம் வாக்களித்துவிட்டு, அந்த வாக்கு ஆளை ஏய்ப்பதாக இருந்தாலோ, நிறைவேறும் வாய்ப்பே இல்லாததாக இருந்தாலோ அதுவும் அந்தப் பட்டியலில் வருகிறது. ‘எல்லா வண்டிக்கும் ஆறு மாதம் இன்ஜின் வாரண்டி’ என்று போர்டு வைத்துவிட்டுக் கையை விரிப்பவருக்கு நேராகப் பொருந்தும் வரி இது. பில் கொடுக்காமல் விற்பதும் அதே பட்டியலில் இருக்கிறது.

இதில் ஒரு விலக்கு. லாப நோக்கில் தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஒரு டாக்ஸி வாங்கியவர் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து டிராவல்ஸ் நடத்துபவர் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். டீலர் இல்லாமல், தன் சொந்தக் காரை விற்ற ஒரு தனி மனிதரிடம் வாங்கியிருந்தாலும் வழி சிவில் கோர்ட்தான்.

‘பார்ட்டி வண்டி சார், நாங்க நடுவுலதான்’

கன்சல்டிங்காரர்கள் கடைசியாக எடுக்கும் கேடயம் இது. வண்டி அவர்களுடையது இல்லை, ஓனர் ஒருவர் விற்கக் கொடுத்திருக்கிறார், இவர்கள் கமிஷனுக்கு முடித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் என்பார்கள். ஆர்.சி. புக்கில் அவர்கள் பெயர் இருக்காது என்பதால் கேட்பவருக்கும் அது சரியாகவே படும்.

இதில் பார்க்க வேண்டியது ஆர்.சி.யில் யார் பெயர் என்பதை அல்ல, ரிப்பேர் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தது யார் என்பதை. அந்த வாக்கை ஓனர் கொடுக்கவில்லை. ஓனரின் முகத்தைக்கூட மச்சான் பார்த்ததில்லை. வாக்குக் கொடுத்தவரும் பணம் வாங்கியவரும் கடைக்காரர். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 230-வது பிரிவு, ஏஜென்ட் பொதுவாகத் தன் சொந்தப் பொறுப்பில் கட்டுப்பட மாட்டார் என்கிறது. ஆனால் யாருக்காக ஏஜென்டாக இருக்கிறார் என்ற பெயரையே சொல்லாதவர், தானே கட்டுப்பட்டவர் என்று கருதப்படுவார் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ‘பார்ட்டி’ யார் என்று கேட்டால் பெயர் சொல்லாத கடைக்காரர் இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இந்த மங்கலைக் குறைக்க மத்திய அரசு ஒரு வேலை செய்தது. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் டீலர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று கொண்டு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். ஓனர் தன் வண்டியை அங்கீகாரம் பெற்ற டீலரிடம் ஒப்படைத்ததை இணையத்தில் அறிவித்ததும், டீலரே ஓனராகக் கருதப்படுவார். ஆர்.சி. புதுப்பிப்பு, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். வண்டியை எதற்காக, எவ்வளவு தூரம் வெளியே எடுத்தார் என்று மின்னணுப் பயணப் பதிவேடும் வைக்க வேண்டும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘உங்களிடம் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று இருக்கிறதா?’ என்பதுதான். இருந்தால், ‘நாங்க நடுவுலதான்’ என்ற பேச்சு எடுபடாது. இந்த விதிகள் வண்டியின் நிலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது ஒரு குறை. எந்தப் பார்ட் போயிருக்கிறது, எது மாற்றப்பட்டது என்று எழுதி ஒட்டும்படி டீலரை அவை கட்டாயப்படுத்தவில்லை.

அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இருக்கிறது. 1985 முதல், அங்கே பழைய கார் விற்கும் டீலர் ஒவ்வொரு வண்டியிலும் கண்ணில் படும்படி ஒரு தாள் வைக்க வேண்டும். வாரண்டி உண்டா இல்லையா, உண்டென்றால் எந்த பாகத்துக்கு, எத்தனை நாள் என்று அதில் இருக்கும். எல்லா வாக்குறுதிகளையும் எழுத்தில் வாங்குங்கள் என்று வாங்குபவருக்கு அறிவுரையும் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கும். விற்பனை ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னால், அந்தத் தாளில் உள்ளதுதான் நிற்கும். இது போக, அங்கே டீலர்கள் மத்தியில் ‘வீ ஓ’ என்று ஒரு சீட்டு புழங்குகிறது. நாங்கள் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது அதன் பொருள். டெலிவரி அன்று முடியாமல் மீதம் நிற்கும் வேலைகளை அதில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடித்திருக்கிறது. செய்யாத ரிப்பேர் ஒரு கடன் என்பதைக் கடைக்காரரே தன் கைப்பட ஒத்துக்கொள்கிறார்.

அந்த ரோஸ் கலர் தாள்

நம்மிடம் இருப்பது டெலிவரி நோட். மச்சானுடையதை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கார்பன் வைத்து எழுதிய ரோஸ் நிறத் தாள். மேலே பிள்ளையார் படம், கடையின் பெயர். வண்டி எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண் எழுத இடம். கீழே பொடி எழுத்தில் அச்சு: வாகனத்தை நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, தற்போதைய நிலையில் முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இந்த நேரம் முதல் வாகனத்தால் ஏற்படும் விபத்து, வழக்கு, போலீஸ் நடவடிக்கை அனைத்துக்கும் நானே பொறுப்பு. அதற்கும் கீழே தேதி, மாலை 5.20 மணி, மச்சானின் கையெழுத்து, ஒரு ரூபாய் ஸ்டாம்ப். கிளட்ச் என்ற சொல்லோ ஏ.சி. என்ற சொல்லோ எங்கும் இல்லை.

மணி வரைக்கும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை, விபத்தில் அடிபட்டவருக்கு ஈடு தரும் பொறுப்பு பதிவில் உள்ள ஓனருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. அதை வாங்கியவர் தலையில் தள்ளிவிடத்தான் விற்பவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். தங்கள் பொறுப்பு முடிந்துவிட்டதாக நினைக்கும் நிமிடத்தை எழுதிவைக்கும் அளவுக்குக் கவனமாக இருப்பவர்கள், தாங்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு வரி எழுத மறந்துபோவதை என்னால் நம்ப முடியவில்லை.

சரி, ‘தற்போதைய நிலையில் திருப்தியுடன்’ என்று கையெழுத்திட்டாகிவிட்டது. எல்லாம் போச்சா? போகவில்லை. அந்த வரி, சொல்லப்படாத பொது உறுதிகளை விலக்கலாம். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் வாய்விட்டுச் சொன்ன ஒரு குறிப்பிட்ட வாக்கை அது தானாக அழித்துவிடாது. எழுத்து ஒப்பந்தத்துக்கு எதிராக வாய்மொழிச் சாட்சி சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டம் பொதுவாகத் தடுப்பது உண்மைதான். முன்பு 92-வது பிரிவாக இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்ற சட்டத்தில் 95-வது பிரிவு. அதிலேயே விதிவிலக்கும் இருக்கிறது: எழுத்து எதைப் பற்றிப் பேசாமல் விட்டதோ, அதைப் பற்றித் தனியாக வாய்மொழி ஒப்பந்தம் இருந்தால், அது எழுத்துக்கு முரணாக இல்லாதவரை அதை நிரூபிக்கலாம். டெலிவரி நோட் ரிப்பேரைப் பற்றி மௌனமாக இருப்பதே இங்கே உங்களுக்கு வாசல். டீலரின் வக்கீல் ‘திருப்தியுடன் என்பதே முரண்தானே’ என்று வாதாடத்தான் செய்வார். அதை உடைக்க எழுத்தில் ஏதாவது ஒன்று வேண்டும். அதனால்தான் வாட்ஸ்அப் முக்கியமாகிறது.

மச்சானிடம் ஒன்று இருந்தது. டெலிவரி எடுத்து நான்கு நாள் கழித்துக் கடையிலிருந்து வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ்: “சார், கிளட்ச் செட் சொல்லியிருக்கேன், வியாழக்கிழமை வண்டிய கொண்டாங்க, ஏ.சி.யும் சேத்துப் பாத்துக்கலாம்.” பதினொரு விநாடிதான். இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்ட பிறகும் கடைக்காரர் தன் கடனை ஒப்புக்கொள்கிறார் அல்லவா? நுகர்வோர் ஆணையம் சுருக்கமான விசாரணை முறையில், பிரமாண வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறது. சாட்சியச் சட்டத்தின் ஒவ்வொரு நுணுக்கமும் அங்கே கறாராகப் பொருந்தாது. இருந்தாலும் மின்னணுப் பதிவுக்குப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைப்பது பாதுகாப்பு. அந்த மெசேஜ் இருக்கும் போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள், எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதியும் வையுங்கள்.

உங்களிடம் அப்படி ஒரு மெசேஜ் இல்லை என்றால் உருவாக்கிக்கொள்ளுங்கள். பொய்யாக இல்லை. ‘சார், நேற்று பேசியபடி கிளட்ச், ஏ.சி. இரண்டையும் உங்கள் செலவில் சரிசெய்து தருவதாகச் சொன்னீர்கள். எந்த நாள் வண்டியைக் கொண்டு வரட்டும்?’ என்று அனுப்புங்கள். ‘சனிக்கிழமை வாங்க’ என்ற பதிலே போதும்.

வண்டி எடுப்பதற்கு முன்னால் என்றால் இன்னும் சுலபம். டெலிவரி நோட்டில், அச்சடித்த வரிகளுக்குக் கீழே, பேனாவால் எழுதச் சொல்லுங்கள்: ‘கிளட்ச் செட் புதிது, ஏ.சி. கூலிங் ரிப்பேர், இன்ன தேதிக்குள், கடைச் செலவில்.’ கடைப் பிரதியிலும் அது இருக்க வேண்டும். ‘ரிப்பேர் செய்து தரப்படும்’ என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. கேஸ் மட்டும் நிரப்பிவிட்டு ஏ.சி. சரிசெய்தாகிவிட்டது என்பார்கள். கம்ப்ரஸரா, கண்டன்ஸரா, எது என்று எழுத வேண்டும். முடிந்தால் ரிப்பேர் செலவு அளவுக்குப் பணத்தை நிறுத்திவைத்து, வேலை முடிந்ததும் தருவதாக அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லோன் போட்டு வாங்குபவர்களுக்கு இந்தப் பிடி கிடைக்காது, பைனான்ஸ் கம்பெனி முழுத் தொகையையும் நேராகக் கடைக்கு அனுப்பிவிடும். அவர்கள் தங்கள் முன்பணத்திலிருந்துதான் பிடித்துவைக்க வேண்டியிருக்கும். கோபத்தில் இ.எம்.ஐ.யை நிறுத்திவிடாதீர்கள். கடன் ஒப்பந்தம் வேறு, கார் ஒப்பந்தம் வேறு. நிறுத்தினால் சிபில் ஸ்கோர் போவது உங்களுக்குத்தான்.

பில்லும் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள டீலர் பழைய கார் விற்றால், 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் முடிவுப்படி, லாபத்தொகை மீது 18 சதவீத வரி கட்ட வேண்டும். பில் போட்டால் அந்த லாபம் கணக்கில் வந்துவிடும் என்பதால் பல கடைகளில் டெலிவரி நோட்டோடு முடித்துக்கொள்கிறார்கள். கடையின் பெயரில் ஒரு பில் இருந்தால், விற்றது யார் என்ற சண்டையே எழாது.

புது கார் ஷோரூமிலும் இதே கதை

புது வண்டியில் வாக்குறுதிகள் வேறு உருவத்தில் வரும். கதவில் கீறல் இருந்தால் ‘முதல் சர்வீஸில் டச்-அப் பண்ணிடலாம் சார்’ என்பார்கள். ஸ்டீரியோவில் கோளாறு என்றால் ‘கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்’ என்பார்கள். அப்புறம் மாதக்கணக்கில் ‘கம்பெனியிலிருந்து அப்ரூவல் வரலை’.

கம்பெனியின் வாரண்டியும் ஷோரூமின் வாக்கும் ஒன்றில்லை. மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட 2006-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில், வாரண்டி விதி பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் கம்பெனியைக் கட்டுப்படுத்துகிறது, முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்லி அதன் பேரில் உத்தரவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2021 பிப்ரவரியில் கோவாவிலிருந்து போன இன்னொரு வழக்கில், 2011-ல் புது வண்டி என்று விற்கப்பட்டது 2009-ல் தயாரான, ஏற்கெனவே ஓடிய கார் என்று வாங்கியவர் முறையிட்டிருந்தார். அதில் டாடா மோட்டார்ஸ் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டது. கம்பெனியும் டீலரும் தனித்தனி முதலாளிகளாக ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள், டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டப்படவில்லை என்பது காரணம். டீலரின் பொறுப்பு அப்படியே நின்றது.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு, கம்பெனியைப் பிடிக்க முடியாதாமே என்று சிலர் சோர்ந்துபோகிறார்கள். எனக்கு அதன் மறுபக்கம்தான் கண்ணில் படுகிறது. டீலர் தனி முதலாளி என்றால், அவர் கொடுத்த வாக்கும் அவருடைய தனிக் கடன்தான். ‘கம்பெனி அப்ரூவல்’ என்று தள்ளிப்போடும் உரிமை அவருக்கு இல்லை. கீறலைச் சரிசெய்து தருவதாகச் சொன்னது அவர், கம்பெனி இல்லை. வழக்குப் போடும்போது இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுவதுதான் வழக்கம். யார் தலையில் விழ வேண்டும் என்பதை ஆணையம் பார்த்துக்கொள்ளும்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால்

போலீஸுக்குப் போகத்தான் முதலில் தோன்றும். வாக்குக் கொடுத்துவிட்டு மீறியது மட்டும் மோசடி ஆகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். கிலோமீட்டரைத் திருப்பி வைத்தது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்பதை மறைத்தது போன்றவை வேறு ரகம். செய்யாத கிளட்ச் வேலைக்கு ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்றுதான் சொல்வார்கள், அது சரியும்கூட.

மச்சான் விஷயத்தில் நாங்கள் செய்தது இதுதான். முதலில் வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு, ஜாப் கார்டில் எங்கள் குறைகளை எங்கள் வார்த்தையிலேயே எழுதவைத்தோம். பரிசோதித்து எஸ்டிமேட் கொடுத்தார்கள். கிளட்ச் செட்டும் லேபரும் சேர்த்து 17,500 ரூபாய், ஏ.சி. கம்ப்ரஸர் தனி. அதோடு கடைக்கு ஒரு கடிதம் எழுதினோம். வக்கீல் நோட்டீஸ் இல்லை, ஒரு பக்கக் கடிதம். என்ன தேதியில் என்ன சொன்னீர்கள், வாய்ஸ் மெசேஜ் எந்த நாள் வந்தது, எஸ்டிமேட் எவ்வளவு, பதினைந்து நாளில் நீங்களே செய்து தரலாம் அல்லது வெளியில் செய்து உங்களிடம் செலவைக் கேட்போம் என்று. அக்னாலட்ஜ்மென்ட் கார்டோடு பதிவுத் தபால்.

அந்தக் கெடு கொடுப்பது முக்கியம். சரிசெய்ய வாய்ப்பே தராமல் வெளியில் வேலை பார்த்துவிட்டு பில்லை நீட்டினால், ‘எங்களிடம் கொண்டுவந்திருந்தால் பாதி விலையில் முடித்திருப்போம்’ என்பார்கள், அதில் நியாயமும் இருக்கும். அதே நேரம், கெடு தாண்டிய பிறகு தேய்ந்த கிளட்சோடு மாதக்கணக்கில் ஓட்டி ஃப்ளைவீலையும் கெடுத்துவிட்டு அதற்கும் சேர்த்துக் கேட்க முடியாது. இழப்பைக் கணக்கிடும்போது, அதைத் தவிர்க்கக் கையில் இருந்த வழியையும் பார்க்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு. ஆகவே கெடு முடிந்தால் வேலையை முடித்துவிடுங்கள். கழற்றிய பழைய கிளட்ச் பிளேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டர்காரர்கள் கேட்காவிட்டால் தர மாட்டார்கள். பக்கத்தில் ஜாப் கார்டை வைத்து ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

கடிதம் சேர்ந்த ஆறாவது நாள் கடையிலிருந்து போன் வந்தது. குரலில் கோபமில்லை. ஏ.சி.யை அவர்களுடைய எலக்ட்ரீஷியனே பார்த்தார், கம்ப்ரஸரை மாற்றினார். கிளட்சுக்கு 17,500 ரூபாயை மச்சான் எண்ணுக்கு ஜிபே செய்துவிட்டார்கள். ஆணையத்துக்குப் போகத் தயாராக எழுதிவைத்த மனு என் கணினியில் அப்படியே கிடக்கிறது.

எல்லாக் கடையும் ஒரு கடிதத்துக்கு அசையாது. அப்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அவர்கள் கடையிடம் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. உத்தரவு போடுவது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். கார் வாங்கிய ஊருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இணையத்திலும் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. நோட்டீஸ் கிடைத்த கடைக்காரர் 30 நாளில் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் கிடைக்கலாம். அந்த 45 நாளைத் தாண்டி ஒரு நாளும் நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் முடிவு செய்தது. வழக்கை மூன்று மாதத்தில், ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட அதிகமாகவே இழுக்கும், அந்த மனநிலையோடு போவது நல்லது.

ஆணையம் குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தொகை விதிக்கலாம். உத்தரவை மதிக்காதவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-வது பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

கவனிக்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் ‘அடுத்த வாரம் அடுத்த வாரம் என்றார்கள், காத்திருந்தேன்’ என்பதை எல்லா ஆணையமும் ஏற்றுக்கொள்ளும் என்று நம்பியிருக்க வேண்டாம். டெலிவரி நோட்டில் உள்ள தேதியிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.